ஒளிப்படக் காப்புப்படி: பத்து காஜா தோட்டத்துப் படங்களும் மூலத்தரமும்

ஒளிப்படக் காப்புப்படி என்பது, கைப்பேசியோ கேமராவோ ஸ்கேனரோ முதன்முதலில் உருவாக்கிய படக்கோப்பை ஒரு பைட்கூட மாறாமல் இன்னோர் இடத்திலும் வைத்திருப்பது. அந்த முதற்கோப்பே மூலம். பார்வைக்கு அதே படமாகத் தெரியும் சிறுத்த கோப்பு மூலமும் ஆகாது, காப்புப்படியும் ஆகாது. நகலெடுத்தால் படம் கெடும் என்பது அச்சுப்படக் காலத்து எண்ணம். டிஜிட்டல் கோப்பை ஆயிரம் முறை நகலெடுத்தாலும் ஆயிரமாவது நகல் முதலாவதைப் போலவே இருக்கும். படத்தைத் திறந்து மறுபடி சேமிப்பதும், செயலி வழியே அனுப்புவதும்தான் தரத்தைக் குறைக்கின்றன.

பேராக் மாநிலத்தில் ஈப்போவுக்குத் தெற்கே உள்ள பத்து காஜா, கிந்தா மாவட்ட நிர்வாகத்தின் தலைநகர். ஈயமும் ரப்பரும் வளர்த்த ஊர் இது. இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குப் படக்காப்பு பொழுதுபோக்கு வேலையன்று. தோட்டங்கள் கைமாறி, துண்டாடப்பட்டு, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் போனபின் லயத்து வீடுகள் மறைந்தன. பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் பிரிந்தார்கள். தாத்தா பால்வெட்டிய தோட்டம் எப்படி இருந்தது என்பதற்கு டிரங்குப் பெட்டியில் கிடந்த நான்கைந்து அச்சுப்படங்களே சான்று. இன்று அவையும் யாரோ ஒருவரின் கைப்பேசியில் பிடித்த படமாக, குடும்பப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் மட்டும் உலவுகின்றன.

பத்து காஜாவுக்கு அருகே ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் கெல்லி ஸ்மித் கட்டத் தொடங்கிய மாளிகை, 1926இல் அவர் லிஸ்பனில் இறந்தபின் முற்றுப்பெறாமல் நின்றது. கெல்லி மாளிகை எனப்படும் அதை இன்று சுற்றுலாப் பயணிகள் நாள்தோறும் படமெடுக்கிறார்கள். அதைக் கட்ட வந்த தமிழர்கள் 1918ஆம் ஆண்டின் நச்சுக் காய்ச்சலில் பலர் மாண்டபோது, மாரியம்மனுக்குக் கோவில் வேண்டும் என்று கேட்டார்கள். அருகிலேயே கோவில் எழுந்தது. அதன் மேல்தளத்துச் சிலைகளுக்கு நடுவே ஒரு வெள்ளைக்காரத் துரையும் நிற்கிறார். துரையின் முகத்துக்குச் சுதைச் சிலையும் நூல்களும் உண்டு. செங்கல் சுமந்தவர்களின் முகம் தெரியவேண்டுமானால், அவர்கள் வழிவந்தோர் வீட்டில் ஒரு படம் தப்பியிருக்க வேண்டும். இவ்வூரில் படக்காப்பு ஏன் முக்கியம் என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

தரம் குறைவது எப்படி

கைப்பேசிப் படங்களில் பெரும்பாலானவை ஜேபெக் வடிவில் அமைந்தவை. 1992இல் உருவான இந்தத் தரமுறை, படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் ஒளி எவ்வளவு வேகமாக ஏறி இறங்குகிறது என்று கணக்கிட்டு, கண் எளிதில் கவனிக்காத நுண்மாற்றங்களைத் தோராயமாக்கி விடுகிறது. இதற்கு அடிப்படையான கணக்கை 1974இல் வெளியிட்ட மூவர் நசீர் அகமது, நடராஜன், கே. ஆர். ராவ். ஒருமுறை தோராயமாக்கிய நுணுக்கம் திரும்பாது. அதே படத்தை வெட்டியோ எழுத்துச் சேர்த்தோ மீண்டும் சேமித்தால், ஏற்கெனவே தோராயமானதன்மேல் இன்னொரு தோராயம் ஏறும்.

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியின் பழைய குழுப்படம் ஒன்றை நினைத்துக்கொள்ளலாம். முன்வரிசையில் சப்பணமிட்டு அமர்ந்த பிள்ளையின் மடியில் சிலேட்டுப் பலகை. அதில் பள்ளியின் பெயரும் வகுப்பும் ஆண்டும் சுண்ணக்கட்டியால் எழுதியிருக்கும். ஆறுக்கு நான்கு அங்குல அச்சுப்படத்தை அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற அளவில் ஸ்கேன் செய்தால் 3600க்கு 2400, அதாவது 86 இலட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் கிடைக்கும். பெரிதாக்கிப் பார்த்தால் பலகையின் எழுத்து நிற்கும். அதே படம் புலனத்தின் வழக்கமான தரத்தில் போகும்போது நீளப்பக்கம் ஏறக்குறைய 1600 புள்ளிக்குச் சுருங்குகிறது; ஐந்தில் ஒரு பங்குப் புள்ளிகளே மிஞ்சும். ஒரு சித்தப்பா அதைச் சேமித்து, வெட்டி, பூமாலைச் சட்டம் போட்டு மறுபடி அனுப்பியபின் எழுத்தின் ஓரங்கள் கலங்கி, ஆண்டின் கடைசி எண் மூன்றா எட்டா என்று தெரியாமல் போகும். அந்த ஓர் எண் போனால், பாட்டி எந்த ஆண்டு பள்ளியில் இருந்தார் என்ற செய்தியும் போய்விடும்.

12 மெகாபிக்சல் கைப்பேசிப் படத்துக்கு இழப்பு இன்னும் கூடுதல். ஆறில் ஒரு பங்குகூட மிஞ்சுவதில்லை. 2023இல் புலனத்துக்கு வந்த எச்டி தெரிவு அளவைக் கூட்டினாலும் படத்தைச் சுருக்கியே அனுப்புகிறது. புலனத்தில் மூலக்கோப்பு அப்படியே போக ஒரு வழி உண்டு: படமாக அனுப்பாமல் ‘டாக்குமெண்ட்’ என்ற தெரிவில் அதே கோப்பை இணைப்பது. ஐந்து வினாடிக் கூடுதல் வேலை; ஆனால் குடும்பக் குழுக்களில் இதைச் செய்வோர் மிகச் சிலரே.

படத்தோடு இன்னொன்றும் தொலைகிறது. எடுத்த நாள், நேரம், கருவி, சில வேளைகளில் இடம் ஆகியவை எக்சிஃப் என்ற குறிப்பாகக் கோப்புக்குள்ளேயே இருக்கும். படமாக அனுப்பும்போது புலனம் இதைக் களைந்துவிடுகிறது. 2012இல் நடந்த மணிவிழாப் படம், நேற்றுப் பதிவிறக்கப்பட்டதால் நேற்றைய படமாக வரிசையில் நிற்கும். திரைப்பிடிப்பு எனும் ஸ்கிரீன்ஷாட் இதைவிட மோசம்: அது படத்தையன்று, கண்ணாடித் திரையில் தெரிந்ததை மட்டுமே சேமிக்கிறது.

மேகச் சேமிப்பு

கூகள் ஃபோட்டோஸ் 2015இல் வந்தபோது, சுருக்கிய படங்களுக்கு அளவில்லா இலவச இடம் தந்தது. அச்சலுகை 2021 ஜூன் 1 முதல் நின்றது. இன்று ‘ஸ்டோரேஜ் சேவர்’ தெரிவு படத்தைச் சுருக்கி, 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்டதைச் சிறிதாக்கியும் வைக்கிறது. ‘ஒரிஜினல் குவாலிட்டி’ தெரிவு மட்டுமே மூலத்தை அப்படியே ஏற்றும். இலவச இடமான 15 ஜிபி, மின்னஞ்சலுக்கும் சேர்த்துத்தான். ஆப்பிளின் ஐகிளவுட் தருவது 5 ஜிபி. ஐபோனில் இடம் மிச்சப்படுத்தும் தெரிவு இயங்கினால் மூலம் மேகத்தில் இருக்க, கைப்பேசியில் சிறுபடமே நிற்கக்கூடும். கணினிக்கு மாற்றும்போது ‘கீப் ஒரிஜினல்ஸ்’ என்று அமைக்காவிட்டால் படம் ஜேபெக்காக மாற்றப்பட்டே வந்து சேரலாம்.

மேகம் பெரும்பாலும் ஒத்திசைவுதான், காப்பு அன்று. கைப்பேசியில் அழித்தால் அங்கும் அழியும்; குப்பைத் தொட்டியில் கூகள் 60 நாளும் ஆப்பிள் 30 நாளும் வைத்திருக்கும். இரண்டு ஆண்டு தொடாத கணக்கைக் கூகள் நீக்கலாம் என்ற விதி 2023 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. மறைந்த பெரியவரின் கணக்கில் மட்டும் படங்கள் இருந்து, கடவுச்சொல் யாருக்கும் தெரியாவிட்டால், தவணை ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பெருநிறுவனத்தில் இருப்பதாலேயே படம் பத்திரம் என்பதும் இல்லை: மைஸ்பேஸ் தளம் 2015 வரையிலான பன்னிரண்டு ஆண்டுப் பாடல்களையும் படங்களையும் சர்வர் மாற்றத்தில் இழந்ததாக 2019இல் தெரியவந்தது.

எத்தனை படி, எங்கே

ஒளிப்படக் கலைஞர் பீட்டர் குரோ பரப்பிய 3-2-1 விதி எங்கும் வழங்குகிறது: மொத்தம் மூன்று படிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேற்றிடத்தில். கிந்தா பள்ளத்தாக்கில் இதன் மூன்றாம் பகுதிக்கே முதலிடம் தரவேண்டும். மாலை இடிமழை இங்கே வாடிக்கை. மின்னல் தாக்கும் வீட்டில் மோடமும் கணினியும் அதில் செருகியிருக்கும் ஹார்ட் டிஸ்க்கும் ஒன்றாகப் போகும். ஆகவே நகலெடுத்து முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றி வைப்பது அவசியம். ஈரக்காற்றில் அச்சுப்படமும் நெகட்டிவும் பூசணம் பிடிக்கும். இறுக மூடும் பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு, பொட்டலத்தை அவ்வப்போது மாற்றுவது போதும். பென்டிரைவ் கொண்டுபோவதற்கு உதவும், ஆண்டுக்கணக்கில் காப்பதற்கு உதவாது. தோட்டக் குடும்பங்கள் ஊர் ஊராகப் பிரிந்திருப்பது இந்த ஒன்றில் நன்மை: பத்து காஜாவில் அக்காள் வீட்டில் ஒரு டிஸ்க், ஷா ஆலாமில் தம்பி வீட்டில் ஒன்று, மேகத்தில் ஒன்று என்றால் விதி நிறைவேறிவிடும்.

ஒரே இடத்தில் வைத்ததன் விலையைத் தமிழர் அறிவர். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. வேறெங்கும் படி இல்லாதவை மீளவே இல்லை. ஈழத்து ஆவணங்களை மின்வடிவில் காக்கும் நூலகம் திட்டம் 2005இல் தொடங்கியது. தமிழக ஸ்டுடியோக்களின் பழைய படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரித்தானிய நூலகத்தின் அழியும் ஆவணத் திட்டத்தின் உதவியோடு மின்படமாக்கியது. அரசர் படமும் தலைவர் படமும் மட்டுமல்ல, சாதாரணக் குடும்பத்தின் கலியாணப் படமும் ஆவணம்தான் என்று ஏற்ற பணி அது.

அச்சுப்படத்தை மின்படமாக்கும்போது தட்டை ஸ்கேனரில் 600 புள்ளி அளவில், சுருக்கம் இல்லாத டிஃப் வடிவில் சேமிப்பது நல்லது. மேற்சொன்ன ஆறுக்கு நான்கு படம் ஏறக்குறைய 26 எம்பி வரும். திருத்தம், நிறமேற்றம் எதுவானாலும் அதன் நகலில்தான் செய்யவேண்டும், மூலத்தைத் தொடக்கூடாது. படத்தின் பின்புறத்தில் பென்சில் எழுத்தோ ஸ்டுடியோ முத்திரையோ இருந்தால் அதையும் ஸ்கேன் செய்து, கோப்பின் பெயரில் ஆண்டு, தோட்டம், ஆட்கள் ஆகியவற்றைச் சேர்க்கவேண்டும். பெயரில்லா முகம் அடுத்த தலைமுறைக்கு அந்நியர் முகமே.

படி மாறாமல் இருக்கிறதா என்று அறிய எஸ்எச்ஏ-256 போன்ற சரிபார்ப்பு எண் உதவும். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் அவ்வெண் முற்றிலும் வேறாகிவிடும். கணினிப் பழக்கம் இல்லாத வீட்டில், இரு கோப்புகளின் அளவு கடைசி பைட் வரை ஒன்றா என்று பார்த்து, சில படங்களைத் திறந்து பார்ப்பதும் பயன் தரும். ஆண்டுக்கு ஒருமுறையாவது டிஸ்க்கைச் செருகிப் பார்க்காத காப்பு, இருக்கிறதா என்று தெரியாத காப்பு.

குடும்பக் குழுவில் உலவும் பழைய படம் ஒன்று உங்கள் கைக்கு வந்தால், மூலம் யாரிடம் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். அந்தப் பெரியவர் இருக்கும்போதே போய், படத்தில் இருப்பவர்களின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு, மூலக்கோப்பை அப்படியே நகலெடுத்து வாருங்கள்.