ஆறாம் ஆண்டுக்கும் படிவம் ஒன்றுக்கும் நடுவே: மலேசியத் தமிழ்ப்பள்ளி மாணவரின் இடைநிலைப்பள்ளி நுழைவு

மலேசியாவில் 500க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. தமிழ் இடைநிலைப்பள்ளி ஒன்றுகூட இல்லை. சீனச் சமூகம் 60க்கு மேற்பட்ட தனியார் இடைநிலைப்பள்ளிகளைத் தன் செலவிலேயே நடத்திவருகிறது. தமிழ்ப் பிள்ளைக்கு அந்த மாற்றுவழியும் கிடையாது. ஏழு வயதில் தமிழில் படிக்கத் தொடங்கும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் பதின்மூன்று வயதில் மலாய்மொழியைப் பயிற்றுமொழியாகக் கொண்ட தேசிய இடைநிலைப்பள்ளிக்குள் நுழைகிறார்கள். இந்த நுழைவுக்காக இன்று செய்யப்படும் ஆயத்தம் சீருடை, கட்டணம், அறிமுக வாரம் என்ற அளவில் நின்றுவிடுகிறது என்பதும், பாடம் மொழி மாறும் இடத்தையும் பெற்றோர் முடிவெடுக்க வேண்டிய இடத்தையும் அது தொடுவதே இல்லை என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இந்த வாசலுக்கு ஒரு வரலாறு உண்டு. 1964 வரை ஆறாம் ஆண்டு இறுதியில் ஒரு நுழைவுத் தேர்வு இருந்தது. அதில் தேறாத பிள்ளைகள் பலரின் படிப்பு பன்னிரண்டு வயதோடு முடிந்தது. தோட்டப்புறத்தில் அதற்குப் பொருள் பால்மரக்காடுதான். 1965 முதல் அந்தத் தடை நீங்கி எல்லாரும் மேலே போக வழி பிறந்தது. 1988இல் ஆறாம் ஆண்டு இறுதியில் எழுதும் யு.பி.எஸ்.ஆர். தேர்வு வந்தபின், அதன் மலாய்மொழித் தாளில் குறைந்தபட்சத் தேர்ச்சி பெற்றவர் நேரே படிவம் ஒன்றுக்கும், பெறாதவர் ஓராண்டுப் புகுமுக வகுப்புக்கும் போயினர். 2021இல் அத்தேர்வும் கைவிடப்பட்டது. இப்போது ஆசிரியரின் வகுப்பறை மதிப்பீட்டின்படி ஒன்று முதல் ஆறு வரையிலான அடைவுநிலை தரப்படுகிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தலையில் இருந்த சுமையை இறக்கியது நல்ல காரியமே. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஏ, பி, சி என்று போட்ட முடிவுத்தாளை எந்தப் பெற்றோரும் படித்துப் புரிந்துகொண்டார்கள். மலாய்மொழியில் பிள்ளையின் அடைவுநிலை இரண்டு என்று அறிக்கை சொன்னால், அது எவ்வளவு பெரிய எச்சரிக்கை என்று எடுத்துச் சொல்ல ஆள் வேண்டியிருக்கிறது.

பள்ளி மாறும் பருவம் பற்றி நீண்ட ஆய்வு நடந்த நாடுகளில் ஒன்று இங்கிலாந்து. லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1970களின் நடுவில் வகுப்பறைகளை உற்றுநோக்கத் தொடங்கிய மாரிஸ் கால்ட்டன், 1999இல் ஜான் கிரே, ஜீன் ரடக் ஆகியோருடன் ஓர் அறிக்கை தந்தார். இடைநிலைப்பள்ளிக்குப் போன முதல் ஆண்டில் ஐந்து மாணவரில் ஏறத்தாழ இருவரின் கல்வி வளர்ச்சி தேங்கிவிடுகிறது என்பது அதன் புகழ்பெற்ற முடிவு. பள்ளிகள் நிர்வாக ஏற்பாடுகளையும் பிள்ளைகளின் பழக்கவழக்கத்தையும் நன்றாகக் கவனிக்கின்றன. பாடத்திட்டம், கற்பிக்கும் முறை, தானே கற்கும் திறன் என்று வரும்போது இரு பள்ளிகளுக்கும் இடையே பேச்சுவார்த்தையே குறைவு என்று அந்த ஆய்வு மரபு காட்டியது. வீட்டிலும் பழைய பள்ளியிலும் புதிய பள்ளியிலும் ஒரே ஆங்கிலம் புழங்கும் பிள்ளைகளுக்கே இந்தத் தேக்கம். பயிற்றுமொழியும் சேர்ந்து மாறும் பிள்ளைக்கு என்ன நேரும் என்பதை இங்கிலாந்து ஆய்வுகளைக் கொண்டு அளக்க முடியாது.

எங்கே இடறுகிறது என்பதைப் பின்னக் கணக்கில் பார்க்கலாம். தமிழ்ப்பள்ளி மாணவர் முக்கால் பங்கை 'நான்கில் மூன்று' என்று படித்தவர். கீழே உள்ள எண்ணை முதலில் சொல்லிப் பழகியவர். மலாயில் அதே பின்னம் 'தீகா பெர் அம்பாட்'. மேலே உள்ள எண் முதலில் வரும். ஆசிரியர் வாயால் சொல்ல மாணவர் எழுதும்போது மூன்று கீழேயும் நான்கு மேலேயும் போய் உட்கார்ந்துகொண்டால் விடை தலைகீழாகிவிடுகிறது. கணிதம் தெரியாததால் வந்த பிழை அல்ல இது; ஆனால் தாளைத் திருத்தும் ஆசிரியருக்கு அப்படித்தான் தெரியும். சொற்கணக்கில் 'ஜும்லா' என்றால் கூட்டுத்தொகை, 'பேசா' என்றால் வேறுபாடு. 'பாக்கி' மட்டும் இரு மொழியிலும் ஒன்றாக இருந்து பிள்ளையைக் காப்பாற்றுகிறது! அறிவியலில் ஒளிச்சேர்க்கையைப் படம் வரைந்து விளக்கத் தெரிந்த சிறுமி, 'ஃபோதோசிந்தேசிஸ்' என்ற தலைப்பைப் பார்த்ததும் இது புதிய பாடம் என்று நினைத்துக்கொள்கிறாள்.

தமிழ்ப்பள்ளியில் மலாய்மொழி ஆறாண்டும் கற்பிக்கப்படுவது உண்மை. ஆனால் கட்டுரை, கருத்துணர்தல், இலக்கணம் ஆகியவற்றுக்கான மலாய் வேறு. கணக்கும் அறிவியலும் பேசும் மலாய் வேறு. முன்னதில் நல்ல புள்ளி வாங்கிய பிள்ளைகளும் பின்னதில் வாயடைத்துப்போவதற்கு இதுவே காரணம்.

இதற்குத்தானே புகுமுக வகுப்பு என்று கேட்கலாம். அந்த வகுப்பை ஆதரிப்போர் சொல்வதிலும் நியாயம் உண்டு. மலாய்மொழிக்கே அதிக நேரம் ஒதுக்கி, பெரிய பள்ளியின் இரைச்சலுக்குப் பிள்ளையைப் பழக்கி, ஓராண்டு மூச்சுவிட இடம் தருகிறது அது. பல குழந்தைகளுக்கு அது உதவியிருக்கிறது. அதன் விலையையும் கணக்கில் எடுக்க வேண்டும். பக்கத்து வீட்டுத் தோழன் படிவம் இரண்டுக்குப் போகும்போது இவன் படிவம் ஒன்றில் அமர்கிறான், இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். தேர்வை 17க்குப் பதில் 18 வயதில் எழுதுகிறான். சம்பளத்தை எதிர்பார்த்திருக்கும் குடும்பத்தில் அந்த ஓராண்டு சிறியதல்ல. தவிர, இது குறை உறுதியான பின்னர் வரும் பரிகாரம். நான்காம் ஆண்டிலேயே தெரிந்த குறைக்கு ஏழாவது ஆண்டில் சிகிச்சை செய்வதைக் கல்வித் திட்டமிடல் என்று ஏற்க முடியவில்லை.

பள்ளியின் அளவும் சேர்ந்து மாறுகிறது. தமிழ்ப்பள்ளிகளில் பாதிக்கு மேற்பட்டவை 150க்கும் குறைவான மாணவர் கொண்டவை. மிகச் சிறிய பள்ளிகளில் இரண்டு ஆண்டு மாணவர்கள் ஒரே வகுப்பறையில் அமர்வார்கள். தலைமையாசிரியருக்கு ஒவ்வொரு பிள்ளையின் தாத்தாவையும் தெரியும். அங்கிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்டோர் படிக்கும் பள்ளிக்குப் போய், பாடத்துக்கொரு 'சிக்கு'வை (ஆசிரியரை) பின்தொடர வேண்டும். நீலக் காற்சட்டை போய்ப் பச்சைக் காற்சட்டை வந்துவிட்டது என்ற பெருமிதம் முதல் வாரத்துக்குள் கரைந்துவிடும்.

பெற்றோர் பக்கம் திரும்பினால் நிலைமை இன்னும் மோசம். பதிவு நாளன்று அவர்கள் செய்வது என்ன? பிறப்புப் பத்திரத்தின் நகலைக் கொடுக்கிறார்கள், பெற்றோர் ஆசிரியர் சங்கக் கட்டணம் செலுத்துகிறார்கள், கூட்டுறவுக் கடையில் விளையாட்டுச் சட்டையும் பெயர் அட்டையும் வாங்குகிறார்கள், மலாயில் அச்சிட்ட நான்கைந்து தாள்களில் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். பள்ளித் தொடக்க உதவியாக அரசு தரும் 150 ரிங்கிட் இதில் ஒரு பகுதியைத் தாங்கும். அந்தத் தாள்களில் இருக்கக்கூடிய முடிவுகளை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

எடுத்துக்காட்டாக, 2016இல் தொடங்கிய இருமொழித் திட்டம் நடக்கும் பள்ளியில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் நடக்கும். அதற்குப் பெற்றோரின் சம்மதம் தேவை. தமிழிலிருந்து மலாய்க்கு மாறும் பிள்ளையை அதே மாதத்தில் ஆங்கிலத்துக்கும் மாற்றலாமா என்பது தகப்பனும் தாயும் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம். முழுநேரத் தங்கும் பள்ளிகளுக்கான விண்ணப்பமோ ஆறாம் ஆண்டிலேயே முடிந்துபோகிறது. படிவம் ஒன்றின் பதிவு நாளில் அதைப் பற்றிக் கேள்விப்படுவதில் பயனில்லை. இரு நேரப் பள்ளியாக இருந்தால் கீழ்ப்படிவ மாணவர்களுக்குப் பிற்பகல் வகுப்பு. பெற்றோர் விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பிவிட, பதின்மூன்று வயதுப் பிள்ளை நண்பகல் வரை வீட்டில் தனியே இருந்து, சாப்பிட்டு, தானே பேருந்து ஏறி, இருட்டும் நேரத்தில் திரும்பும். அந்தக் காலைப்பொழுதைப் படிப்புக்கு எப்படிப் பயன்படுத்துவது என்பதற்கு எந்த அறிமுக வாரத்திலும் இடமில்லை.

செய்ய வேண்டியவை புதுமையானவை அல்ல. இடம் மாற்றி, காலம் மாற்றிச் செய்ய வேண்டியவை. ஐந்தாம், ஆறாம் ஆண்டுகளில் கணிதம், அறிவியல் ஒவ்வொரு அலகின் இறுதியிலும் அந்த அலகின் கலைச்சொற்களை மலாயில் ஒரு பாடவேளை பழகலாம். அதே கணக்கை இரு மொழியிலும் வாய்விட்டுச் சொல்ல வைக்கலாம். இது தமிழ்வழிக் கல்வியை அரித்துவிடும் என்ற அச்சம் வெற்று அச்சம் அல்ல. 2003 முதல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டதை அனுபவித்த சமூகம் இது. ஆனால் கருத்தைத் தமிழில் கற்று முடித்தபின் அதற்கு இன்னொரு மொழியில் பெயரறிவது பயிற்றுமொழியை மாற்றுவதாகாது. பெற்றோர் கூட்டத்தை ஆறாம் ஆண்டின் தொடக்கத்திலேயே தமிழில் நடத்தலாம். அக்கூட்டத்தில் பேச, பிள்ளைகள் போகப்போகும் இடைநிலைப்பள்ளியின் தமிழாசிரியரையும் படிவம் இரண்டில் படிக்கும் முன்னாள் மாணவர் இருவரையும் அழைக்கலாம். புதிய பள்ளியின் பங்காக, முதல் பருவ முடிவில் அப்பிள்ளைகள் எந்தப் பாடத்தில் எங்கே தடுமாறினார்கள் என்ற குறிப்பு பழைய பள்ளிக்குத் திரும்பி வர வேண்டும். அக்குறிப்பு வராதவரை தமிழ்ப்பள்ளி ஆசிரியர் தன் வேலையின் பலனை ஒருபோதும் பார்ப்பதில்லை.

கூட்டத்தில் சொல்ல வேண்டிய இன்னொன்று சட்டத்திலேயே இருக்கிறது. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, குறைந்தது 15 மாணவரின் பெற்றோர் கேட்டால் தேசிய இடைநிலைப்பள்ளியில் தமிழ் கற்பிக்க ஏற்பாடு செய்யப்பட வேண்டும். தனித்தனியே நான்கு பள்ளிகளுக்குச் சிதறும் இருபது பிள்ளைகளால் அந்த எண்ணிக்கையை எட்ட முடியாது; அண்டையிலுள்ள தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் முன்கூட்டியே பெயர்ப்பட்டியலை ஒன்றுசேர்த்தால் எட்ட முடியும். படிவம் ஒன்று தொடங்கி, கால அட்டவணை அச்சாகி, ஆசிரியர் பணியிடங்கள் முடிவான பிறகு அந்தப் பட்டியலைத் தூக்கிக்கொண்டு போனால், அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்பதே பதிலாகக் கிடைக்கும்.