பிறந்த திகதியும் பென்சன் வயதும்

எண்பத்து மூன்றுக்குப் பின் பிரித்தானியா வந்த எம்மவர் பலர் இப்போது அறுபதை எட்டுகிறோம். இங்கு அரச ஓய்வூதியத்துக்கு ஆண்டு மட்டும் போதாது, திகதியும் வேண்டும். 1961 மார்ச் 6 முதல் 1977 ஏப்ரல் 5 வரை பிறந்தவர்களுக்கு 67 வயது. அதற்கு முந்திய பதினொரு மாதங்களில் பிறந்தவர்களுக்கு 66 உடன் சில மாதங்கள்.

முழுத்தொகைக்குப் பொதுவாக 35 வருடத் தேசியக் காப்புறுதிப் பதிவு தேவை. 10க்குக் குறைந்தால் ஒன்றுமில்லை. முப்பத்தைந்து வயதில் வந்திறங்கியவர் 67 வரை இடைவிடாது உழைத்தாலும் 32 தான்.

இன்னொரு சிக்கலும் எங்களுக்கே உரியது. சாதகத்தில் ஒரு வருடம், முகவர் தந்த கடவுச்சீட்டில் இன்னொன்று. விருந்துகளில் சிரித்துப் பேசுவோம். ஓய்வூதிய அலுவலகம் சிரிக்காது. ஊரில் பிரதேச செயலகத்தில் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி எடுக்கலாம். திருத்த வேண்டியவர்கள் 67 வரை பார்த்திராமல் இப்போதே தொடங்குங்கள்.