கழிவிற் பிறந்த கனிமணம்

1851 ஆம் ஆண்டு இலண்டன் ஹைட் பூங்காவில் நடைபெற்ற மாபெரும் கண்காட்சி, பொறிகளுக்கும் நெசவியந்திரங்களுக்குமே பெரிதும் பெயர்பெற்றது. ஆயினும், அங்கு வைக்கப்பட்டிருந்த சில நறுமணத் தைலங்களும் இரசாயன வரலாற்றில் இடம்பெறத் தக்கவை. பேரி, அப்பிள், அன்னாசி ஆகியவற்றின் மணம் அவற்றினின்று கமழ்ந்தது; கனிகளோ அவற்றிற் சேர்க்கப்படவில்லை.

கண்காட்சி நடுவருள் ஒருவரான ஜேர்மானிய இரசாயன அறிஞர் ஹொஃப்மன் அவற்றை ஆராய்ந்து, பேரித் தைலம் எனப்பட்டது அமைல் அசற்றேற்று என்னும் எசுத்தரின் மதுசாரக் கரைசலே என விளக்கினார். உருளைக்கிழங்கு மதுவை வடிக்கையில் எஞ்சும் துர்நாற்ற எண்ணெயில் அமைல் அற்ககோல் உண்டு. வினாகிரிக்குப் புளிப்பூட்டும் அசற்றிக்கமிலத்துடன் அதனைச் சேர்த்து, சல்பூரிக்கமிலத்தின் முன்னிலையிற் சூடாக்கினால், நீர் நீங்கி இவ்வெசுத்தர் உண்டாகும். இவ்வாறு வடிசாலைக் கழிவு மிட்டாய்த் தொழிலின் மூலப்பொருளாயிற்று.

அதன் பயன் மிட்டாயோடு நின்றுவிடவில்லை. 1884 இல் ஹெஃப்னர் அல்ரெனெக் அமைத்த விளக்கு இதனையே எரிபொருளாகக் கொண்டது. 40 மில்லிமீற்றர் உயரமான அதன் சுவாலை, ஜேர்மனியில் ஒளிச்செறிவை அளக்கும் நியமமாக வழங்கிற்று.

செயற்கையாக ஆக்கப்பட்டமையால் இதனைப் போலியெனத் தள்ளுதல் பொருந்துமா? வாழைப்பழத்தில் இதே எசுத்தர் இயல்பாகவே உண்டு. கொட்டும் தேனீ தன் கூட்டத்தை எச்சரிக்க வெளிவிடும் பொருளிலும் இது உள்ளதென 1962 இல் அறியப்பட்டது. எனவே, போலி மூலக்கூற்றில் இல்லை. பல சேர்வைகளால் அமைந்த கனிமணத்துக்கு ஒன்றையே ஈடெனக் காட்டி விற்கும் வணிகத்திலேயே உள்ளது.