பாதியில் விட்ட டிகிரி: பழைய கிரெடிட் புதிய கல்லூரியில் செல்லுமா?

வேலை கிடைத்ததும் டிகிரியைப் பாதியில் விட்டுட்டு, இப்போ வேறு பல்கலைக்கழகத்தில் தொடரலாமா என்று யோசிக்கிறீர்களா? 2021 ஜூலையில் யுஜிசி கொண்டுவந்த ‘அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்’ இதற்குத்தான். டிஜிலாக்கர் வழியாகக் கணக்கு தொடங்குவது சுலபம். ஆனால் கிரெடிட்டை நீங்களே ஏற்ற முடியாது, படித்த கல்லூரிதான் ஏற்ற வேண்டும். அதுவும் 2021-22 கல்வியாண்டு முதல் பெற்றவை மட்டும்; அதிகபட்சம் 7 ஆண்டுதான் செல்லும். 2018-ல் படிப்பை விட்டவர்களுக்கு இந்த வழி இல்லை.

பெயரில் ‘பேங்க்’ இருக்குன்னு பணம் மாதிரி எங்கேயும் மாறும்னு நினைச்சுடாதீங்க. எந்தப் பாடத்தை ஏற்பது என்பது நீங்கள் சேரும் நிறுவனத்தின் கையில். பட்டம் தரும் இடத்திலேயே குறைந்தது 50% கிரெடிட் எடுக்க வேண்டும் என்பதும் 2021 விதி.

விளம்பரத்தில் பளிச்சிடும் நாக் கிரேடு தரத்தைப் பற்றியது. பட்டம் வழங்கும் உரிமை வேறு விஷயம். அதை யுஜிசி தளத்தில் பாருங்கள், போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலும் அங்கேயே இருக்கிறது. ‘ஏ++’ கல்லூரியும் உங்கள் பழைய பேப்பர்களை மறுக்கலாம். எந்தெந்தப் பாடத்துக்கு கிரெடிட் தருவார்கள் என்பதை, ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.