பாகை

வானிலை அறிக்கையில் ‘32 பாகை செல்சியஸ்’ என்று கேட்டுப் பழகிய நமக்குப் பாகை என்றாலே வெயில்தான். ஆனால் அது வெப்பத்துக்குப் பின்னால் வந்து சேர்ந்த சொல். அதன் பழைய வீடு வானம். ஒரு ராசிக்கு 30 பாகை, ராசிமண்டலம் முழுவதற்கும் 360 பாகை என்பது சோதிடர் கணக்கு. பாகை என்றால் பங்கு. பாகம், பகுதி எல்லாம் அதன் உறவுகள்.

பங்கு என்றால் எதன் பங்கு? வட்டத்துக்கு விடை உண்டு. ஒரு சுற்று வந்தால் முழுமை முடிந்தது. வெப்பத்துக்கு அப்படியொரு முழுமை கண்ணுக்குத் தெரியாது. ஆகவே இரண்டு இடங்களில் ஆணி அடித்தார்கள்: பனிக்கட்டி உருகும் இடம் ஒன்று, நீர் கொதிக்கும் இடம் மற்றொன்று. இடைப்பட்டதை ரேமூர் அளவு 80 பங்காக்கியது. பாரன்ஹீட் அளவு 32இலிருந்து 212 வரை 180 பங்காக்கியது. 1742இல் செல்சியஸ் 100 பங்கு வைத்தார். கொதிநிலைக்குத்தான் அவர் 0 கொடுத்தார். பிறகு மற்றவர்கள் அதைத் திருப்பி வைத்தார்கள்.

திருகோணமலையின் கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் பெட்டிக்குள் கொட்டும் ஐஸைப் பாருங்கள். எவ்வளவு வெயில் எறித்தாலும் உருகுகிற ஐஸ் பூச்சியத்திலேயே நிற்கும். உள்ளே வரும் வெப்பமெல்லாம் உருக்குவதற்கே செலவாகிறது. கொதிநிலை அவ்வளவு உறுதியில்லை. திருகோணமலைக் கரையில் 100இல் கொதிக்கும் நீர் நுவரெலியாவில் ஏறத்தாழ 94இலேயே கொதித்துவிடும். அந்த ஆணியை அடிக்கக் காற்றழுத்தத்தையும் சேர்த்துச் சொல்லவேண்டியிருந்தது.

திருகோணமலையில் இந்தச் சொல்லுக்கு வேலை கொடுத்த இடம் கன்னியா. எரிமலை இல்லாத நாட்டில், நிலத்தின் ஆழத்துச் சூட்டை வாங்கிக்கொண்டு மேலே வரும் நீர் அங்கே ஏழு கிணறுகளில் நிற்கிறது. தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் வாளால் குத்திய இடங்கள் என்பது ஐதிகம்; அந்தியேட்டிக்கு இன்றும் சனங்கள் அங்கே போகிறார்கள். ஏழிலும் சூடு ஒன்றல்ல. வாளியால் அள்ளிக் குளிப்பவர், “இது நல்ல சூடு, அது குறைவு” என்று உடனே சொல்லிவிடுவார். உடம்புக்கு வரிசைப்படுத்தத் தெரியும். எத்தனை பங்கு கூடுதல் என்று சொல்லத்தான் கருவி வேண்டும்.

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ரேனோ என்ற பிரெஞ்சுக்காரர் அந்தக் கருவியோடு வந்தார். கன்னியாக் கிணறுகளிலிருந்து ஓடும் நீரில் அவருடைய வெப்பமானி 37 காட்டியது. இன்று நாம் கேட்டால் உடம்புச் சூடுதானே என்போம். அது ரேமூர் அளவு. பாரன்ஹீட்டில் 115, இன்றைய செல்சியஸில் 46. செல்சியஸ் முதலில் வகுத்தபடி என்றால் 54. நீர் ஒன்றுதான். எந்த அளவு என்று எழுதிவைத்ததால்தான் அந்த 37 நமக்கு இன்றும் பயன்படுகிறது.

அந்த நீரில் பிடித்த இரண்டு மீன்களை அவர் விலங்கியலாளர் கூவியேவுக்கு அனுப்பினார். இரண்டுக்கும் ‘தெர்மாலிஸ்’ என்று பெயர் விழுந்தது. தெர்மாமீட்டரில் உள்ள அதே கிரேக்க வேர், வெம்மை. பின்னர் 1846இல் வலென்சியன் என்ற விலங்கியலாளர் இதே ஊற்றிலிருந்து கிடைத்த இன்னொரு சிறு மீனுக்கும் அந்தப் பெயரையே வைத்தார். அது வேறொன்றுமில்லை, மதுரைப் பக்கம் உயிரோடு வாங்கிக் குழம்பு வைக்கும் அயிரை. தமிழ்நாட்டின் குளங்களிலும் வாய்க்கால்களிலும் சாதாரணத் தண்ணீரில் வளரும் அந்த மீனின் அறிவியற் பெயர், இன்றுவரை லெபிடோசெபலிக்திஸ் தெர்மாலிஸ்.