எக்செல் ஜிஎஸ்டி ஆட்-இன் லாகின் ஆகலையா? முதலில் ஓடிபி யாருக்குப் போகுதுன்னு பாருங்க!

மாதாந்திர ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கலுக்கு அடுத்த மாதம் 20-ம் தேதி கடைசி நாள். அந்த நேரம் பார்த்து எக்செல் ஆட்-இன் லாகின் ஆகாமல் மக்கர் செய்தால், நாள் ஒன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். விற்பனை, கொள்முதல் எதுவும் இல்லாத 'நில்' தாக்கலுக்கு 20 ரூபாய். கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி தனி.

ஆட்-இன் என்றால் என்ன?

எக்செல்லுக்குள் கூடுதலாகச் சேர்க்கும் சின்ன மென்பொருள். உங்கள் பில் கணக்கை ஜிஎஸ்டி தளத்தில் உள்ள விவரத்தோடு ஒப்பிட்டுக் காட்டும். இதற்கு இரண்டு லாகின் தேவை. ஒன்று, ஆட்-இன் நிறுவனத்தில் உங்களுக்கு உள்ள கணக்கு. இன்னொன்று, ஜிஎஸ்டி தளத்தின் யூசர்நேமும் ஓடிபியும். எது தகராறு செய்கிறது என்று கண்டுபிடித்தாலே பாதி வேலை முடிந்தது.

ஆட்-இன் கணக்கே திறக்கலையா?

* கம்ப்யூட்டரில் தேதி, நேரம் சரியா பாருங்கள். தப்பாக இருந்தால் பாதுகாப்பான இணைப்பு கிடைக்காது.
* லாகின் விண்டோ திறக்க எக்செல் அனுமதி கேட்டால் 'அலோ' கொடுங்கள்.
* மேலே ஆட்-இன் டேபையே காணோமா? ஃபைல், ஆப்ஷன்ஸ், ஆட்-இன்ஸ் பகுதிக்குப் போய், கீழே 'டிஸேபிள்டு ஐட்டம்ஸ்' பட்டியலைப் பாருங்கள். எக்செல் பாதியில் நின்றுபோனால் ஆட்-இன் அங்கே போய் உட்கார்ந்துகொள்வது உண்டு.

ஜிஎஸ்டி இணைப்பு கிடைக்கலையா?

பிரவுசரில் நேராக ஜிஎஸ்டி தளத்தில் லாகின் செய்து பாருங்கள். அங்கேயும் முடியவில்லை என்றால் பாஸ்வேர்டை மாற்ற வேண்டியதுதான். அங்கே லாகின் ஆகிறது, ஆட்-இன்னில் மட்டும் ஆகவில்லை என்றால், 'மை ப்ரொஃபைல்' பக்கத்தில் 'மேனேஜ் ஏபிஐ அக்சஸ்' என்பதைத் திறந்து 'யெஸ்' கொடுங்கள். வெளி மென்பொருளுக்கு நீங்கள் தரும் இந்த அனுமதி 6 மணி நேரம் முதல் 30 நாள் வரைதான் செல்லும். போன மாதம் ஓடிய ஆட்-இன் இந்த மாதம் ஓடாததற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

ஓடிபி வரவே இல்லையா?

ஜிஎஸ்டி பதிவில் உள்ள மொபைல் எண்ணுக்கும் மெயிலுக்கும்தான் ஓடிபி போகும். கடை பாப்பாரப்பட்டியில், பதிவில் இருப்பதோ தருமபுரியில் உள்ள கணக்காளரின் நம்பர் என்றால், ஒவ்வொரு முறையும் அவருக்கு போன் போட்டுக் கேட்க வேண்டியிருக்கும். அந்த நம்பர் யார் கையில் இருக்கிறதோ, அவரால் உங்கள் பாஸ்வேர்டையே மாற்றிவிட முடியும். பதிவுத் திருத்தத்தில் 'நான்-கோர் ஃபீல்ட்ஸ்' பகுதியில் உங்கள் சொந்த எண்ணையும் மெயிலையும் சேர்த்துவிடுங்கள்.

கடைசி நாளிலும் சரியாகலையா?

ஆட்-இன் கட்டாயம் இல்லை. 3பி-யை ஜிஎஸ்டி தளத்திலேயே நிரப்பலாம். ஜிஎஸ்டிஆர்-1-க்கு எக்செல் விவரத்தை ஏற்றும் ஆஃப்லைன் டூல் அந்தத் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது.

பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தால், ஆட்-இன், ஜிஎஸ்டி தளம் இரண்டிலும் லாக்-அவுட் செய்ய மறக்காதீங்க.