எல்லைக்கல்லில் மோதிய தலைகள்: இங்கிலாந்துக் கிராமங்களில் குழந்தைப் பருவ நினைவும் காட்டுரிமையும்

முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டில், என் இயல் ஒன்றைப் படித்த மூத்த அறிஞர் ஒருவர் ஓரத்தில் ஒரே ஒரு சொல்லை எழுதித் திருப்பித் தந்தார்: ‘நினைவேக்கம்’. இங்கிலாந்துக் கிராமத்து முதியவர்கள் தம் இளமைக்காலம் குறித்து எழுதியும் சொல்லியும் வைத்தவற்றைச் சான்றாகக் கொண்டு, அங்குள்ள காடுகளின் வரலாற்றை எழுத முயன்ற இயல் அது. அவருடைய ஐயம் முற்றிலும் தவறானதன்று. எழுபது வயதில் ஒருவர் தம் ஏழு வயதுக் காட்டைப் பற்றிப் பேசும்போது மரங்கள் உயரமாகவும் கோடைகள் நீளமாகவும் ஆகிவிடுகின்றன. ஆயினும் அந்தச் சொல் என்னை நெடுநாள் உறுத்தியது. காரணம், இத்தகைய நினைவை ஏக்கம் என்று ஒதுக்கும் வழக்கமே பிற்காலத்தது. அதற்கு முன் பல நூற்றாண்டுகளாக இங்கிலாந்துக் கிராமத்தில் குழந்தைப் பருவ நினைவு ஒரு சட்ட ஆவணம். இப்பதிவு அந்த ஓரக்குறிப்புக்கு நான் எழுதும் தாமதமான மறுமொழி. சற்று நீளமானது, பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

எல்லைச் சுற்று என்னும் வழக்கத்திலிருந்து தொடங்கலாம். இயேசுவின் விண்ணேற்றத் திருநாளை ஒட்டிய நாட்களில், ஒவ்வொரு பங்கின் குருவும் ஊர்ப் பெரியவர்களும் சிறுவர்களை அழைத்துக்கொண்டு தம் பங்கின் எல்லையைச் சுற்றி நடப்பார்கள். வரைபடங்கள் அரிதாக இருந்த காலம். எல்லையைக் குறித்தவை ஒரு கல், ஒரு பழைய ஓக் மரம், ஒரு ஓடையின் வளைவு போன்றவையே. அத்தகைய இடம் ஒவ்வொன்றிலும் ஒரு சிறுவனைப் பிடித்து அவன் தலையைக் கல்லில் மோதுவார்கள். அல்லது பிரம்பால் அடிப்பார்கள். சில ஊர்களில் ஓடையிலேயே தள்ளிவிடுவார்கள். பிறகு காசோ அப்பமோ கையில் கொடுப்பார்கள். வலியும் இனிப்பும் சேர்ந்தால் இடம் மறக்காது என்பது கணக்கு. அறுபது ஆண்டு கழித்து எல்லைத் தகராறு வழக்காகும்போது, சாட்சி சொல்ல உயிரோடு இருக்கப்போகிறவன் அந்தச் சிறுவன்தான். ஆக்ஸ்ஃபோர்டு நகரின் பங்கு ஒன்றில் இன்றும் இச்சடங்கு நடக்கிறது. அடி மட்டும் சிறுவர்மேல் விழாமல் கல்லின்மேல் விழுகிறது.

இதை வேடிக்கை வழக்கம் என்று கடந்துவிடுதல் எளிது. ஆனால் இங்கிலாந்தின் வழக்காற்றுச் சட்டம் இந்தச் சிறுவனை நம்பியே இயங்கியது. ஓர் உரிமை வழக்காற்றின்படி செல்ல வேண்டுமானால் அது நினைவுக்கு எட்டாத காலம் முதல் இருந்துவந்ததாக வேண்டும். 1275ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே அந்தக் காலத்தின் தொடக்கம் 1189, அதாவது முதலாம் ரிச்சர்டு அரியணை ஏறிய ஆண்டு, என்று நிலைபெற்றது. 1189ஐ நேரில் கண்ட சாட்சி பதினாறாம் நூற்றாண்டில் யாரிடம் இருக்கும்? ஆகவே நீதிமன்றங்கள் நடைமுறையில் வேறொன்றைக் கேட்டன: ஊரின் மிக மூத்தவர் தம் சிறுவயதில் என்ன கண்டார், தம் முன்னோரிடமிருந்து என்ன கேட்டார்? 1832ஆம் ஆண்டின் அனுபவ உரிமைச் சட்டம் இந்த எண்ணத்துக்கு எண்களை வைத்தது. பொதுநில உரிமைகளுக்கு 30 ஆண்டு இடையறாத அனுபவம் ஒரு படி; 60 ஆண்டு அனுபவம் அதற்கும் மேலான, எளிதில் அசைக்க முடியாத படி. அறுபது ஆண்டுக்கு முந்திய விறகுச் சுமைக்கு நேரடிச் சாட்சி சொல்லக்கூடியவர், அன்று குழந்தையாக இருந்தவர் மட்டுமே. ஆண்டி வுட் முதலிய வரலாற்றாசிரியர்கள் இச்சாட்சிய ஏடுகளை விரிவாக ஆராய்ந்துள்ளனர். அவற்றை வாசிக்கும் எவரும் கவனிக்கக்கூடியது ஒன்று: முதியவர்கள் தம் இளமையை அங்கே வருணிப்பதில்லை. எந்த வயதில், யாரோடு, எந்தப் புதரில், எதை வெட்டினோம் என்று சொல்கிறார்கள்.

இந்தக் கண்ணோடு இலக்கியத்துக்கு வருவோம். ஜான் கிளேர் 1793இல் அன்றைய நார்தாம்ப்டன்ஷயரைச் சேர்ந்த ஹெல்ப்ஸ்டன் கிராமத்தில், ஓர் உழைப்பாளிக் குடும்பத்தில் பிறந்த கவிஞர். அவருடைய தன்வரலாற்றுக் குறிப்புகளில் ஒரு நிகழ்ச்சி உண்டு. அடிவானந்தான் உலகின் விளிம்பு என்று நம்பிய சிறுவன், ஒரு நாள் அந்த விளிம்பைத் தொட்டுவிட எமன்சேல்ஸ் ஹீத் என்னும் புதர்வெளியில் நடக்கத் தொடங்குகிறான். நடக்க நடக்கப் பூக்களும் பறவைகளும் அவனுக்கு அந்நியமாகின்றன. சூரியன்கூட வேறு திசையில் நிற்பதாகத் தோன்றுகிறது. வீடு திரும்பும்போது பாதி ஊர் அவனைத் தேடிக்கொண்டிருக்கிறது. இதைக் கற்பனாவாதக் கவிஞனின் இளமைக்காட்சி என்றே நெடுங்காலம் வாசித்தோம். எனக்கு இது எல்லைச் சுற்றின் தலைகீழ் வடிவமாகவே படுகிறது. தனக்குத் தெரிந்த நிலத்தின் எல்லை எங்கே முடிகிறது என்பதை யாரும் அடிக்காமலே ஒரு குழந்தை உடலால் அறிந்துகொண்ட தருணம் அது.

கிளேர் அறிந்த அந்த நிலம் அவர் கண்முன்னே மாறியது. ஹெல்ப்ஸ்டனும் அண்டை ஊர்களும் வேலியடைப்புக்கு உட்படும் சட்டம் 1809இல் நிறைவேறியது. நிலங்களை வகுத்த இறுதி ஆவணம் 1820இல் முடிவுற்றது. நாடு முழுதும் 1750 முதல் 1850 வரையிலான நூறாண்டில் இத்தகைய சட்டங்கள் சுமார் 4000 நாடாளுமன்றத்தில் நிறைவேறின. திறந்த வயல்களும் மேய்ச்சல் வெளிகளும் நேர்க்கோட்டு வேலிகளுக்குள் சென்றன. வேலி நடும் கூலிக்கும்பலில் கிளேரும் வேலை பார்த்தார் என்பதை மாணவர்களிடம் சொல்லும்போதெல்லாம் வகுப்பு சற்று அமைதியாகிவிடுகிறது. ஊர்மன்றம் கூடிய இடமாக அறியப்பட்ட லாங்லி புஷ் என்னும் முள்மரம் வீழ்ந்ததை 1824ஆம் ஆண்டு நாட்குறிப்பில் அவர் பதிகிறார். ஒரு மரத்துக்கான இரங்கலாகவும் அதை வாசிக்கலாம். எல்லைச் சாட்சி ஒன்று இறந்ததன் பதிவாகவும் வாசிக்கலாம். இரண்டும் உண்மை. ஆனால் முதலாவதை மட்டும் பாடத்திட்டம் ஏற்றுக்கொண்டது.

மாற்றத்தின் உட்பொருள் இதுதான். வேலியடைப்பு ஆவணம் எழுதப்பட்டு வரைபடம் இணைக்கப்பட்ட பிறகு, முதியவரின் நினைவுக்கு நீதிமன்றத்தில் வேலை இல்லை. நினைவு உரிமையிலிருந்து பிரிந்தது. பிரிந்த பின் அதற்குக் கிடைத்த இடங்கள் கவிதையும் தன்வரலாறும். ஃப்ளோரா தாம்ப்சன் 1876இல் ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் ஜூனிபர் ஹில் குடியிருப்பில் பிறந்தார். அதைப் புனைபெயரில் வைத்து ‘லார்க் ரைஸ்’ நூலை 1939இல் வெளியிட்டார். அங்கிருந்த பொதுவெளி 1850களில் வேலிக்குள் சென்றுவிட்டது. நூலில் வரும் சாலி என்னும் மூதாட்டி, தான் சிறுமியாக இருந்தபோது பசுவும் வாத்துக்கூட்டமும் வளர்க்க வெளி இருந்ததை நினைவுகூர்கிறாள். வரலாற்றாசிரியர் பார்பரா இங்லிஷ் 1985இல் இந்நூலை மக்கள்தொகைக் கணக்கேடுகளோடும் பிற ஆவணங்களோடும் ஒப்பிட்டு, பொருந்தாத இடங்கள் பலவற்றைக் காட்டினார். அக்கட்டுரை இன்றியமையாதது. எனினும் என் கேள்வி வேறு. ஊரார் எண்ணிக்கையிலும் பெயரிலும் நினைவு பிசகலாம். ஆனால் பசு எங்கே மேய்ந்தது என்பதில் எளிதில் பிசகுவதில்லை. உழைப்போடு சேர்ந்த நினைவு வேறு வகையானது. இது என் கருத்து, மறுப்போர் மறுக்கலாம்.

உழைப்பு என்றேன். பள்ளிப் பதிவேடுகள் அதற்குத் துணை. 1862ஆம் ஆண்டின் திருத்தப்பட்ட விதித்தொகுப்புக்குப் பின், அரசு மானியம் பெறும் பள்ளிகளின் தலைமையாசிரியர்கள் நாட்பதிவேடு எழுதிவர வேண்டும் என்றாயிற்று. கிராமப் பள்ளிப் பதிவேடுகளில் திரும்பத் திரும்ப வருவது வருகைக் குறைவு. காரணங்களாகக் கதிர் பொறுக்குதல், வயலில் கல் பொறுக்குதல், பன்றிக்கு ஓக் கொட்டை சேகரித்தல், பறவை விரட்டுதல், முட்பழம் பறித்தல் ஆகியவை நிற்கும். ஜார்ஜ் எவர்ட் எவன்ஸ் 1948இல் சஃபோக் மாவட்டத்தின் பிளாக்ஸ்ஹால் கிராமத்துக்குக் குடிபெயர்ந்தார். அவருடைய மனைவி அங்கே பள்ளி ஆசிரியை. அண்டை வீட்டு முதியவர்களிடம் பேசிச் சேர்த்தவற்றை 1956இல் நூலாக்கினார். இங்கிலாந்தின் வாய்மொழி வரலாற்றுக்கு அது ஒரு தொடக்கம். இப்போது ஓர் இலையுதிர்கால நாளை எண்ணிப் பாருங்கள். ஆசிரியரின் ஏட்டில் அது ஒழுங்கீனம். குடும்பத்தின் கணக்கில் அது மழைக்காலத்துக்குரிய மாவும் பன்றித் தீனியும். அறுபது ஆண்டு கழித்து அதே குழந்தை சொல்லும்போது அது திருவிழா. மூன்றும் ஒரே நாள். திருவிழா என்ற சொல்லைக் கேட்டதும் பேனாவை மூடிவிடுகிற ஆய்வாளர், முதலிரண்டையும் சேர்த்தே இழந்துவிடுகிறார்.

கதிர் பொறுக்குவது சட்டப்படி உரிமையன்று என்று 1788இலேயே ஸ்டீல் எதிர் ஹௌட்டன் வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. சஃபோக் மாவட்டத்தைச் சேர்ந்த மேரி ஹௌட்டன் என்ற பெண் தோற்றார். ஆயினும் பெண்களும் குழந்தைகளும் அடுத்த நூற்றாண்டு முழுதும் வயலுக்குச் சென்றுகொண்டே இருந்தார்கள். தாய் சென்ற வயலுக்கு மகள் சென்றாள். தீர்ப்பை அவர்கள் வாசிக்கவில்லை.

காடுகளுக்கு வருகிறேன். நம்மில் பலருக்குக் காடு என்றால் மனிதர் கை படாத இடம். ஆலிவர் ரேக்கம் தம் வாழ்நாள் ஆய்வில் காட்டியது, இங்கிலாந்தின் தொன்மையான காடுகள் வெட்டப்பட்டதாலேயே நிலைத்தன என்பது. கரும்பில் மறுதாம்பு விடுவதுபோல், ஹேசல், ஆஷ் மரங்களை அடியோடு வெட்டி, கட்டையிலிருந்து துளிர்க்கும் கொம்புகளைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் வெட்டுவார்கள். சஃபோக்கின் பிராட்ஃபீல்டு காடுகளில் இம்முறை பதின்மூன்றாம் நூற்றாண்டு முதல் தொடர்வதற்கு ஆவணம் உண்டு. கோடரி காட்டை அழிப்பதில்லை. ஏரும், வரிசையாக நட்ட ஊசியிலை மரங்களுமே அழிக்கின்றன. ஆகவே விறகு சுமந்த குழந்தையின் நினைவு காட்டின் வாழ்முறையைப் பற்றிய தகவலும் ஆகும்.

லண்டனை ஒட்டிய எப்பிங் காட்டில் லவுட்டன் ஊரார்க்கு, நவம்பர் 11 தொடங்கி ஏப்ரல் 23 வரை மரக்கிளை கழித்து விறகு எடுக்கும் வழக்காற்றுரிமை இருந்தது. முதல் நாள் நள்ளிரவில் வெட்டாவிட்டால் உரிமை அழிந்துவிடும் என்பது ஊர் நம்பிக்கை. ஊரின் நிலக்கிழார் அந்த இரவில் விருந்து வைத்துக் கிளைவெட்டிகளைக் குடியில் ஆழ்த்தப் பார்த்ததாகவும், தாமஸ் வில்லிங்கேல் என்பவர் எழுந்து சென்று நள்ளிரவில் ஒரு கிளையை வெட்டிக்கொண்டு திரும்பியதாகவும் ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியோ, 1866இல் அவருடைய குடும்பத்தினர் கிளை வெட்டியதற்காகச் சிறை சென்றதும், அவர் வழக்குத் தொடுத்ததும் வரலாறு. அவர் 1870இல் இறந்தார். பின்னர் லண்டன் மாநகராட்சி நடத்திய வழக்கில் 1874இல் வேலியடைப்புகள் சட்டவிரோதம் என்று தீர்ப்பானது; 1878ஆம் ஆண்டின் எப்பிங் காட்டுச் சட்டம் காட்டைப் பொதுமக்களின் உலாவிடமாகக் காத்தது. ஆனால் கிளை கழிக்கும் உரிமையை அதே சட்டம் முடித்துவைத்தது. ஈடாகக் கிடைத்த பணத்தின் ஒரு பகுதியில் 1884இல் எழுந்த மண்டபம் இன்றும் ‘லாப்பிங் ஹால்’ என்றே அழைக்கப்படுகிறது. கிளை கழிக்கப்படாத மரங்கள் தழைத்து அடர்ந்து நிழல் கவிய, அடித்தரைச் செடிகள் குன்றின. காடு காப்பாற்றப்பட்டது, காட்டை ஆக்கிய வேலை காப்பாற்றப்படவில்லை.

அதே 1878இல்தான் இந்திய வனச்சட்டமும் வந்தது. ஒரு காட்டை ஒதுக்குக்காடாக அறிவிக்க முனைந்தால், உரிமை கோருவோர் குறித்த கெடுவுக்குள் அலுவலரிடம் கோர வேண்டும். கோராத உரிமை அழியும். ஒரே பேரரசு, ஒரே ஆண்டு. அங்கே உரிமைக்கு ஈடாக ஒரு மண்டபமாவது கிடைத்தது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின் விதிகள், கோருபவர் அல்லாத முதியவர்களின் எழுத்திலாக்கிய வாக்குமூலத்தையும் சான்றுகளில் ஒன்றாக ஏற்கின்றன. பழங்குடியினர் அல்லாத மரபுவழி வனவாசிகளோ மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, வாழ்வை நிறுவ வேண்டும். எல்லைக்கல்லில் தலை மோதிய சிறுவன் மீண்டும் சாட்சிக்கூண்டுக்கு அழைக்கப்பட்டிருக்கிறான்.

இந்நினைவுகளைப் புனிதமாக்க நான் விரும்பவில்லை. பொதுநிலம் எல்லார்க்கும் பொதுவாக இருந்ததில்லை. யார் எத்தனை மாடு விடலாம் என்ற வரம்பும், மீறினால் தண்டமும், வந்தேறிக் குடிசைக்காரர் மீதான பகையும் இருந்தன. முதியவர்களின் பேச்சில் இவை மங்கிவிடும். சாட்சிய ஏடுகளிலும் ஆண்களின் குரலே மிகுதி. அதனால்தான் வில்ட்ஷயரின் க்ரோவ்லி காடு எனக்கு முக்கியம். கிரேட் விஷ்ஃபோர்டு ஊராரின் விறகுரிமை 1603இல் எழுத்தில் உறுதியானது. 1825இல் பார்ஃபோர்டு என்னும் அண்டை ஊரிலிருந்து கிரேஸ் ரீட் என்ற பெண்ணும் வேறு மூன்று பெண்களும் அக்காட்டில் விறகு பொறுக்கியதற்காகப் பிடிபட்டு, தண்டம் கட்ட மறுத்துச் சிறை சென்று, விரைவில் விடுவிக்கப்பட்டனர். ஒவ்வோர் ஆண்டும் மே 29 விடியலில் கிரேட் விஷ்ஃபோர்டு ஊரார் பச்சைக் கிளைகளை வெட்டி வருகிறார்கள். சாலிஸ்பரிப் பேராலயத்தின் முன் ஆடுகிறார்கள். காட்டின் பெயரை உரக்கச் சொல்லி உரிமையை நிலைநாட்டுகிறார்கள். குழந்தைகளும் உடன் செல்கிறார்கள்.

சென்ற பருவத்தில் என் கருத்தரங்கில் இருவர் மத்திய இந்தியாவில் வன உரிமைக் கோரிக்கைகளுக்காக வாக்குமூலம் சேகரிக்கும் மாணவர்கள். முதியவர்களிடம் ‘அந்தக் காலத்தில் காடு எப்படி இருந்தது?’ என்று கேட்டால் பாட்டும் பெருமூச்சும்தான் கிடைக்கின்றன என்று குறைப்பட்டார்கள். பழைய ஆங்கில நீதிமன்ற விசாரணைகளில் ஆணையர்கள் கேட்ட வகையான கேள்விகளை அவர்களுக்குப் பட்டியலிட்டுக் கொடுத்தேன்: முதன்முதலில் காட்டுக்குள் போனபோது உங்களுக்கு என்ன வயது? கையைப் பிடித்து அழைத்துப் போனவர் யார்? எந்த வழியாகப் போனீர்கள்? திரும்பும்போது தலையில் என்ன இருந்தது? வழியில் மறித்தவர் உண்டா? மறித்தவரிடம் உங்கள் பாட்டி என்ன சொன்னார்?

சென்ற மாதம் அவர்களிடமிருந்து முதல் கட்டு வந்தது. கடைசிக் கேள்விக்கான பதில்களே எல்லாவற்றிலும் நீளமாக இருக்கின்றன.